கெண்டிச் சின்னம்

கட்சிகளுக்குப் போக மிச்சமிருந்த சின்னங்களில்
மேசை, சாவி, குதிரை
மற்ற சுயேச்சைகள் எடுத்துக்கொண்டார்கள்.
கடைசியாக வந்தது தேநீர்க் கெண்டி.
சவரிமுத்து, பட்டர்வொர்த் துறைமுகத்தில்
இருபத்திரண்டு வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர்,
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார்:
"பரவாயில்லை. வரைய லேசு."

அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார்.
இரண்டு லாரி முட்டிக்கொண்டு நிற்கிற இடைவெளியில்
ஒரு மோட்டார் சைக்கிள் புகுந்து போவதைப்போல.
சுங்கை பெலுரு தொகுதியில் அன்றிரவு
யார் பட்டாசு வெடிப்பது என்று
யாருக்கும் தெரியவில்லை.

நான் அவருடைய சேவை மையத்து எழுத்தர், புஷ்பலீலா.
மையம் என்றால், பல் டாக்டருக்கும் நம்பர் கடைக்கும் நடுவில்
ஓர் அறை, ஓர் அச்சுப்பொறி, இரண்டு நாற்காலி.
மூன்றாவது ஆள் வந்தால் நான் எழுந்து நிற்பேன்.
தொகுதி ஒதுக்கீடு எங்களுக்குக் கிடையாது;
மை தீர்ந்தால் அவர் சம்பளத்தில்தான் வாங்குவோம்.
பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் பிழை,
வீட்டு வாடகை எட்டு மாதப் பாக்கி,
நாய் கடித்தது, நாய் காணவில்லை.
எல்லாவற்றுக்கும் கடிதம் அடித்தேன்.
கையெழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கெண்டி.

சட்டமன்றம் கூடும் நாளில்
மற்றவர்கள் பாலத்தில் வருவார்கள், ஓட்டுநரோடு.
இவர் ஃபெர்ரியில், கப்சாயோடு,
கோட்டைப் பிளாஸ்டிக் பையில் மடித்துக்கொண்டு.
அக்கரைக் கழிவறைக் கண்ணாடியின் முன்னே
டை முடிச்சு இறுகும்வரை சவரிமுத்து;
அதற்குப் பிறகு மாண்புமிகு.

கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில் இருக்கை.
வரவுசெலவுத் திட்டமா, சி பிளாக் லிஃப்ட்.
தண்ணீர்க் கட்டணமா, சி பிளாக் லிஃப்ட்.
ஆமை முட்டை பாதுகாப்பா,
ஆமைகூட ஏற முடியாத பதினேழு மாடி, ஐயா.
"உறுப்பினர் தலைப்புக்கு வரவும்" என்றார் சபாநாயகர்.
"வந்துகொண்டிருக்கிறேன், துவான் ஸ்பீக்கர்.
படியில் இறங்கி வருகிறேன். நேரமாகும்."
இரண்டு பக்கமும் சிரித்தது.
குறிப்பேட்டில் 'சிரிப்பு' என்றே பதிவாகியிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், அவருக்குப் பிடிக்காது.
யாராவது விலை பேச வருவார்கள் என்று
அவர் காத்திருந்தார்.
உறையோடு வரலாம், வாரியப் பதவியோடு வரலாம்.
மறுத்துச் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக எழுதி,
மலாய் இலக்கணம் சரியா என்று என்னிடம் காட்டினார்.
சரியாகத்தான் இருந்தது.
ஆளும் பக்கம் ஆள் மிகுதி;
எதிர்ப்பக்கம் அவர் சேர்ந்தாலும் பற்றாது.
ஐந்து வருடம்.
ஒரு பைசாகூட யாரும் கேட்டு வரவில்லை.
நேர்மையாக இருக்க
ஒரு வாய்ப்பாவது கிடைக்க வேண்டாமா
என்று ஒருநாள் அச்சுப்பொறியிடம் சொன்னார்.

நான்காம் வருடக் கடைசியில் லிஃப்ட் ஓடியது.
ரிப்பன் வெட்ட வேறொருவர் வந்தார்.
எங்களுக்கு அழைப்பு இல்லை.
அவர் காலையிலேயே படியேறிப் போய்
பதினேழாம் மாடியில் நின்றுகொண்டார்.
கதவு திறந்தது.
உள்ளே மாலை, கேமரா, வாசனைத் தைலம், ஆறு பேர்.
"கீழேதானே போகிறது?" என்று கேட்டு
ஏழாவது ஆளாக ஏறிக்கொண்டார்.

அடுத்த தேர்தலில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.
வைப்புத்தொகை போனது.
சி பிளாக்கில் மட்டும் எவ்வளவு விழுந்தது என்று
அவர் கேட்கவில்லை; நான் பார்த்தேன்; சொல்லவில்லை.

அறையை இப்போது பல் டாக்டர் எடுத்துக்கொண்டார்.
துண்டறிக்கையில் அச்சடித்திருந்தது என் கைப்பேசி எண்.
நேற்று ராத்திரி பதினொன்றே கால்,
மக்சிக் ரொகாயா:
"கெண்டி இருக்கிறாரா? லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது.
உள்ளே ஆ சூ மகன், சோற்றுப் பொட்டலத்தோடு."

ஆள் மாறிவிட்டார், வேறு எண் இருக்கிறது
என்று சொல்லியிருக்கலாம்.
கைக்கு அகப்பட்ட தாளைப் புரட்டினேன்;
முன்பக்கம் அந்த மறுப்பு வாக்கியம்,
யாருக்கும் சொல்லப்படாதது, இலக்கணப் பிழையில்லாதது.
பின்பக்கம் வெள்ளை.

"எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில், மக்சிக்?"
என்று கேட்டேன்.